லென்ஸ் டப்பாவில் மிச்சம் பிடித்த காசு

"ரேடியோவுல பேசுறவளுக்கு முகத்தை யாரு பார்க்கப் போறா? குரல் நல்லாருந்தா போதும்" என்று என் பாட்டி சொல்வார். நான் அறிவிப்பாளராகச் சேர்ந்த புதிதில் அது உண்மைதான். தூக்கக் கலக்கத்தில், தலையை அள்ளி முடிந்துகொண்டு, தடித்த கண்ணாடியோடு போய் உட்கார்ந்து காலை வணக்கம் சொன்ன நாள்கள் உண்டு. யாருக்கும் தெரியாது.

இப்போது மைக்குக்குப் பக்கத்தில் ஒரு கேமராவும் இருக்கிறது. நிகழ்ச்சி ஒலியேறும்போதே முகநூலில் நேரலை ஓடுகிறது. வார இறுதிகளில் கல்யாணம், காதணி விழா, பட்டமளிப்பு என்று மேடை நெறியாளர் வேலையும் வருகிறது. மைனஸ் ஐந்து பவர் கண்ணாடி போட்டால் கண் சிறுத்துத் தெரியும். மேடை விளக்கு அதில் பட்டு வெள்ளையாக அடிக்கும். "கண்ணாடி இல்லாம இன்னும் நல்லாருப்பீங்க" என்று ஒருவர் நேரலையில் எழுதினார். மறுவாரமே காண்டாக்ட் லென்ஸுக்கு மாறினேன்.

ஏழு ஆண்டுகள் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருந்ததுதான் எனக்கு வந்த கேடு என்று இப்போது நினைக்கிறேன். முதல் வருடம், கடையில் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் செய்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஒவ்வொரு இரவும் டப்பாவில் புதுக் கரைசல் ஊற்றி வைத்தேன். இரண்டாவது வருடம், ஒரு மாத லென்ஸை ஒன்றரை மாதம் போட்டேன். பிறகு பழைய கரைசலைக் கொட்டாமல், மேலே கொஞ்சம் புதிதாக ஊற்றி நிரப்பினேன். ஒரு போத்தல் முப்பது, நாற்பது ரிங்கிட் விற்கும்போது கொட்ட மனம் வருமா? டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் அலசினேன். ஒவ்வொன்றும் சின்னச் சின்ன மிச்சம். ஒவ்வொரு முறையும் கண் மன்னித்துக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, கோலாலம்பூரில் வேலை முடிந்து இரவுப் பேருந்தில் கூலாய் வீட்டுக்குக் கிளம்பினேன். மறுநாள் ஜொகூர் பாருவில் ஒரு கல்யாண வரவேற்பு. லென்ஸைக் கழற்றவில்லை. நாலு மணி நேரப் பயணம், முழுதும் தூங்கிவிட்டேன். மறுநாள் காலை கண் கொஞ்சம் உறுத்தியது. கழற்றி, டப்பாவில் இருந்த பழைய கரைசலிலேயே அலசி மறுபடி போட்டுக்கொண்டேன். வரவேற்பு முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி பன்னிரண்டு. பத்து நிமிடம் சாயலாம் என்று சேலையோடு சோபாவில் சாய்ந்தவள், விடிகாலை நான்கு மணிக்கு எழுந்தேன். லென்ஸ் கண்ணிலேயே இருந்தது. உருவி எடுத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. சமையலறைச் சன்னல் வெளிச்சம் ஊசி போலக் குத்தியது. தண்ணீர் நிற்காமல் வடிந்தது. அம்மா என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

"என்னடி இது, மொளகாப்பழமாட்டம் செவந்து கெடக்கு? ராத்திரி முழிப்பு, பஸ்ஸு சூடு. எண்ணெய் வச்சுத் தலை முழுகுனா அடங்கிடும்."

வாசலில் இருந்த நந்தியாவட்டைப் பூவைப் பறித்து, தண்ணீரில் நனைத்து, மூடிய கண்மேல் வைத்துவிட்டார். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. என் பாட்டி தோட்டத்து லயத்தில் செய்ததை என் அம்மா தாமான் வீட்டில் செய்தார். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். அவருக்குத் தெரிந்த கண் சிவப்பு வெயிலால் வருவது, தூசியால் வருவது. லென்ஸால் வருவது என்று ஒன்று இருப்பதை வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

நான் செய்த தவறு வேறு. அப்பாவுக்குக் கண்புரை அறுவை செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து குளிர்பெட்டிக் கதவில் இருந்தது. கண் மருந்துதானே என்று இரண்டு சொட்டு விட்டேன். மதியத்துக்குள் சிவப்பு குறைந்தது. "பார்த்தியா, சரியாயிடுச்சு" என்று அம்மாவிடம் நானே சொன்னேன். அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. வீக்கத்தையும் சிவப்பையும் அது அடக்கும், கிருமியை அடக்காது. காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

திங்கள் காலையில் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். கருவிழி மேல் ஒரு வெள்ளைப் புள்ளி. அரிசி நொய் அளவு இருக்கும். வலது கண்ணை மூடிப் பார்த்தால், அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலி தெரிந்தது. அதில் இருந்த அப்பாவின் முகம் தெரியவில்லை.

அரை மில்லிமீட்டர்

கூலாயில் நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "லென்ஸ் போடுவியா?" என்று ஒரே கேள்வி. தலையாட்டினேன். கடிதம் எழுதிக் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போகாதே. இப்படியே ஜொகூர் பாருவுக்குப் போ. லென்ஸையும் டப்பாவையும் யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார். அண்ணன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

மருத்துவமனையில் கண் மருத்துவர் ஓர் இளம் மலாய்ப் பெண். கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயம் தடவி நீல விளக்கைப் பாய்ச்சினார். எங்கே மேல்தோல் போயிருக்கிறதோ அங்கே அந்தச் சாயம் பச்சையாக ஒளிரும் என்றார். பிறகு மரத்துப் போகும் மருந்து விட்டு, புள்ளி இருந்த இடத்தை நுண்ணிய கத்தியால் சுரண்டி எடுத்தார். வலிக்கவில்லை. ஆனால் கத்தி கண்ணை நோக்கி வருவதை அந்தக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. சுரண்டியதைக் கண்ணாடித் துண்டுகளில் தடவி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். என் லென்ஸும் டப்பாவும் கூடவே போயின.

அன்றே வார்டில் சேர்த்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து. இரண்டு வகை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஐந்து நிமிட இடைவெளி. பகலும் இரவும். தூங்கத் தொடங்கும்போது தாதி அக்கா வந்து தோளைத் தொடுவார். "கண்ணைத் தெறம்மா, மருந்து விடணும்." இரண்டு இரவுகள் முழுதாக அப்படிப் போயின. ஆய்வு முடிவு வந்தது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. லென்ஸ் போடுவோரின் கண்ணில் வரும் பாக்டீரியாப் புண்களில் அடிக்கடி அகப்படுவது இதுதானாம். கைகழுவும் தொட்டி, குழாய் வாய், ஈரமான டப்பா என்று ஈரம் உள்ள இடமெல்லாம் இது வாழும். இது சுரக்கும் நொதிகள் கருவிழியையே கரைத்துவிடக் கூடியவை. சில நாள்களில் கண்ணில் ஓட்டையே விழலாம். "நீங்க ஒரு நாள் தாமதமா வந்திருக்கீங்க. இரண்டு நாள் ஆகியிருந்தா நாம வேற பேச்சுப் பேசிக்கிட்டு இருப்போம்" என்று அந்த மருத்துவர் மலாயில் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

தூங்க விடாத அந்த இரவுகளில் கேள்வி கேட்பதுதான் எனக்கு வேலை. சுற்று வரும் மருத்துவர்களை நிகழ்ச்சிக்கு வந்த விருந்தினர் போலப் பேட்டி எடுத்தேன். ஏழு ஆண்டுகளாக எதன்மேல் லென்ஸை ஒட்டிக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் புரிந்தது.

கருவிழிக்கு மேலே கடிகாரக் கண்ணாடி போல மூடியிருக்கும் தெளிவான படலம்தான் கார்னியா. நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதில் இரத்தக் குழாயே கிடையாது. இருந்தால் ஒளி தெளிவாகப் போகாது. இரத்தம் இல்லாததால் தனக்கு வேண்டிய பிராணவாயுவை அது கண்ணீர் வழியாக வெளிக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதாவது நம் கண் நேரடியாகச் சுவாசிக்கிறது. அதன்மேல் லென்ஸ் போட்டால் மூக்கில் துணி கட்டியது போல. நல்ல துணி என்றால் மூச்சு விடலாம். அதோடு கண்ணையும் மூடித் தூங்கினால்? மூடிய இமைக்குள் கிடைக்கும் பிராணவாயு, கண் திறந்திருக்கும்போது கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதையும் லென்ஸ் குறைக்கிறது. படலம் வீங்குகிறது, மேல்தோல் பலவீனமாகிறது, நுண்ணிய விரிசல் வழியாகக் கிருமி நுழைகிறது. லென்ஸோடு தூங்கினால் கண் தொற்று அபாயம் 6 முதல் 8 மடங்கு கூடும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. பத்து நிமிடம் சாய்ந்ததும் அந்தக் கணக்கில் சேரும்.

காற்று போதாமல் பல ஆண்டுகள் தவித்த கண்ணில், விளிம்பிலிருந்து புது இரத்தக் குழாய்கள் தெளிவான பகுதிக்குள் படர்ந்து வருவதும் உண்டு. நீண்ட காலம் லென்ஸ் போட்டவர்களுக்குக் கருவிழியின் உணர்வும் மந்தமாகிறது. "எனக்கு லென்ஸ் போட்டிருப்பதே தெரியாது" என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேனே, அது பெருமைப்பட வேண்டிய விஷயமே இல்லை.

மேல்தோல் கீறினால் சில நாள்களில் வளர்ந்துவிடும், தடம் இருக்காது. புண் அதைத் தாண்டி ஆழமாகப் போனால்தான் தழும்பு. முழங்காலில் தழும்பு இருந்தால் பார்க்கச் சரியில்லை, அவ்வளவுதான். கருவிழியில் தழும்பு இருந்தால் அதன் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

மூன்றாவது நாள் மருத்துவர் கேட்டார். "பழைய கரைசலைக் கொட்டிட்டுப் புதுசு ஊத்துவீங்களா, இல்ல மேலே ஊத்தி நிரப்புவீங்களா?" உண்மையைச் சொன்னேன். அவர் கையை நீட்டிச் சன்னல் பக்கம், சிங்கப்பூர் இருக்கும் திசையைக் காட்டினார். "2006 விஷயம் கேள்விப்பட்டதில்லையா?"

எனக்கு அப்போது பள்ளி வயது. செய்தியில் வந்திருக்கலாம், என் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒற்றைக் கண்ணால் தேடித் தேடிப் படித்தேன்.

பியூசேரியம் என்று ஒரு பூஞ்சணம். மண்ணிலும் செடிகொடிகளிலும் இருப்பது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில், வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களின் கண்ணில் இலையோ தாளோ கீறினால் அந்தக் காயத்தின் வழியாக இது இறங்கும். உழைப்பாளிகளின் நோய் என்றே கண் மருத்துவர்கள் இதை அறிந்திருந்தார்கள். ஆனால் 2005 மார்ச்சுக்குப் பிறகு சிங்கப்பூர் மருத்துவமனைகளுக்கு இதே நோயோடு வந்தவர்கள் தோட்டத்துப் பக்கமே போகாதவர்கள். மாணவர்கள், அலுவலகத்தில் வேலை செய்யும் இளையர்கள். 2006 மே வரையிலான 15 மாதங்களில் 66 பேர். கிட்டத்தட்ட எல்லாரும் தினமும் போட்டுக் கழற்றும் மென் லென்ஸ் பயன்படுத்தியவர்கள். பூஞ்சணப் புண்ணுக்கு மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும். சிலருக்குக் கருவிழியையே மாற்றி வைக்க வேண்டியதாயிற்று.

அவர்களில் பெரும்பாலோர் ஒரே நிறுவனத்தின் லென்ஸ் கரைசலைப் பயன்படுத்தியிருந்தார்கள் என்பது விசாரித்தபோது தெரிந்தது. பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனத்தின் ரெனு. அதிலும் குறிப்பாக மாய்ஸ்ச்சர்லாக் என்ற வகை. கண் காயாமல் ஈரம் காக்கும் என்று சொல்லி விற்ற புதுக் கரைசல். ஹாங்காங்கிலும் இதே நோய் தலைகாட்டியது. 2006 பிப்ரவரியில் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் விற்பனை நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் 164 பேர். 2006 மே 15ஆம் தேதி அந்த நிறுவனம் மாய்ஸ்ச்சர்லாக்கை உலகம் முழுவதும் நிரந்தரமாகத் திரும்பப் பெற்றது.

என்னைத் தூக்கிவாரிப் போட்ட பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. பூஞ்சணம் தொழிற்சாலையில் போத்தலுக்குள் புகுந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். விசாரணையில் அப்படி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பூஞ்சணம் வளர்ந்த இடம் வீடுகளில் இருந்த டப்பாக்கள். அந்தக் கரைசல் காய்ந்து சுண்டும்போது, அதில் ஈரம் காக்கச் சேர்த்திருந்த பொருளே ஒரு படலமாகப் படிந்து பூஞ்சணத்துக்குப் புகலிடம் தந்தது. டப்பாவைத் திறந்தபடி விட்டு, பழைய கரைசலின் மேலேயே ஊற்றி நிரப்பி, மறுபடி மறுபடி பயன்படுத்தும்போது கிருமி கொல்லும் சக்தியும் குறைந்தது. தயாரிப்பில் குறை இருந்தது. அந்தக் குறைக்குக் கை கொடுத்தது நம் சிக்கனம்.

எங்கள் தாமானில் பாதிப் பிள்ளைகள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். இருட்டில் லென்ஸ் போட்டு, பேருந்தில் தூங்கி, குளிர்சாதன அறையில் பன்னிரண்டு மணி நேரம் திரையைப் பார்த்து, மறுபடி பேருந்தில் தூங்கி, இரவு பத்து மணிக்குக் கழற்றுகிறார்கள். அந்த 66 பேரும் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்று யோசித்தபோது எனக்கு இவர்கள் முகம்தான் வந்தது.

தண்ணீர்தானே!

இன்னொரு பாடம் தண்ணீர். குழாய்த் தண்ணீர் குடிக்கச் சுத்தமாக இருக்கலாம், லென்ஸுக்கு அது சுத்தமில்லை. அகாந்தமீபா என்ற ஓர் உயிரி ஆறு, குளம், நீச்சல் குளம், குழாய், வீட்டுக் கூரையில் இருக்கும் தொட்டி என்று எங்கும் வாழும். அதுபாட்டுக்கு இருக்கும், நம்மை ஒன்றும் செய்யாது. லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழிக்குள் போய்விட்டால், கூடுபோல ஓடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதை வெளியேற்ற மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல், மருந்து விட வேண்டும். வலியும் கொடூரமாக இருக்குமாம். 1980களில் உப்பு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் கரைசல் தயாரித்தவர்களுக்கு இந்த நோய் வந்து, அந்தப் பழக்கமே கைவிடப்பட்டது.

கூலாய்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லீவு விட்டால் குனோங் பூலாய் அருவி, இல்லாவிட்டால் கோத்தா திங்கி அருவி. நானும் லென்ஸோடு அருவியில் நின்றிருக்கிறேன், லென்ஸோடு குளித்திருக்கிறேன். ஓரமாகச் சுருண்ட லென்ஸை எச்சில் தொட்டுச் சரிசெய்து போட்டதும் உண்டு. இதைப் படிக்கும்போது உங்களில் ஒருவராவது மெல்லச் சிரித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

சொல்லாமல் விட்டது

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். காலை நிகழ்ச்சியில் என் கதையைச் சொல்லி, "உங்கள் லென்ஸ் டப்பாவுக்கு எத்தனை வயது?" என்று நேயர்களிடம் கேட்டேன். அன்று அழைப்புகள் நிற்கவில்லை. இரண்டு வருடமாக ஒரே டப்பா என்றார் ஒரு கல்லூரி மாணவி. இரவு வேலையில் லென்ஸோடு தூங்குவேன் என்றார் சினாய் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பி. மகளின் டப்பாவை இப்போதுதான் குப்பையில் போட்டேன் என்று ஓர் அம்மா சொன்னார். பலரும் பாராட்டினார்கள். நிலையத்தில், நல்ல நிகழ்ச்சி என்றார்கள்.

ஆனால் அன்று நான் பாதிக் கதைதான் சொன்னேன். மீதியை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முந்திய தீபாவளிக்கு, இணையத்தில் கலர் லென்ஸ் விற்கும் ஒருவர் என்னைத் தொடர்புகொண்டார். மூன்று ஜோடி இலவசம், கொஞ்சம் பணம், நான் போட்டுக் காட்டி ஒரு காணொளி வெளியிட வேண்டும். தேன் நிறம், சாம்பல் நிறம், பச்சை. புடவைக்கு ஏற்ற கண் என்று நானே வசனம் எழுதினேன். ஓர் ஒன்றரை நிமிடம். அதில் கையைக் கழுவுங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. என் குரல் மட்டும் நன்றாக இருந்தது.

நம் நாட்டில் 1991ஆம் ஆண்டின் ஒப்டிகல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கண்ணைப் பரிசோதித்து, லென்ஸ் பொருத்திக் கொடுக்கும் வேலை அதற்குத் தகுதியும் பதிவும் பெற்றவர்களுடையது. பவர் இல்லாத அழகு லென்ஸ் என்றாலும் கண்ணுக்குத் தெரியுமா அது அழகுக்கு வந்தது என்று? ஒவ்வொருவர் கருவிழியின் வளைவும் வேறு. பொருந்தாத லென்ஸ் உரசும், சிராய்க்கும். சாயம் ஏற்றிய பகுதி வழியாகக் காற்றும் குறைவாகப் போகலாம். பசார் மாலாமில் தோடு வாங்குவது போல வாங்கிப் போடும் பொருள் இல்லை அது.

மருத்துவமனையில் இருந்தபோது அண்ணன் மகள் என்னைப் பார்க்க வந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கட்டிலருகே உட்கார்ந்து என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, நான் போடுறதும் ஆபத்தா?"

"நீ எங்க லென்ஸ் போடுற? உனக்குத்தான் பவரே இல்லையே!"

"கலர் லென்ஸ் அத்தை. நீங்க வீடியோவுல போட்டீங்களே, அந்த அக்காகிட்டதான் வாங்கினேன். உங்க பேரைச் சொன்னதுக்குப் பத்து ரிங்கிட் கழிச்சுக்கிட்டாங்க."

சாம்பல் நிறம் வாங்கியிருக்கிறாள். அறைத் தோழியும் அவளும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் கண்ணில் இருந்து கழற்றி இன்னொருவர் கண்ணில். எனக்கு வார்த்தை வரவில்லை. வானொலியில் நான்கு விநாடி மௌனம் என்றாலே எங்களுக்கு உயிர் போய்விடும். அன்று எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன் என்று தெரியாது. தாதி அக்கா மருந்தோடு வந்ததும்தான் முகத்தைத் திருப்பினேன்.

"அதைக் குப்பையில போடு. இன்னைக்கே போடு. உன் தோழிகிட்டயும் சொல்லு" என்றேன். "சரி அத்தை" என்றாள். மறுவாரம் அவளையும் அவள் தோழியையும் கண் பரிசோதனைக்கு நானே அழைத்துப் போனேன். இரண்டு பேர் கண்ணும் நன்றாகவே இருந்தன. அது அவர்கள் அதிர்ஷ்டம். எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

அந்தக் காணொளியை அன்றிரவே அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அண்ணன் மகளாவது கட்டிலருகே வந்து கேட்டாள். மற்றவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்? அவர்களில் யாராவது இந்த ஞாயிறு இதழைப் புரட்டினால், நான் சொல்ல வேண்டியது இதுதான். அன்று நான் சொன்னது தவறு. அந்த லென்ஸைத் தூக்கிப் போடுங்கள். கண் உறுத்தல், மங்கல் எதுவும் இருந்தால் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

லென்ஸே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கோடிக்கணக்கானோர் போடுகிறார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் வருவதில்லை. சிலர் கண்ணுக்குக் கண்ணாடியை விட லென்ஸே பொருத்தமும்கூட. ஆனால் அது நகை இல்லை, மருத்துவச் சாதனம். கண்ணைப் பரிசோதித்து வாங்குங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். தண்ணீரை லென்ஸிடமும் டப்பாவிடமும் அண்ட விடாதீர்கள். குளிக்கும் முன், நீந்தும் முன், தூங்கும் முன் கழற்றுங்கள். பழைய கரைசலைத் தினமும் கொட்டுங்கள். டப்பாவைப் புதுக் கரைசலால் அலசி, கவிழ்த்து, காய விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டப்பாவை மாற்றுங்கள். இதெல்லாம் முடியாத வாழ்க்கை என்றால், ஒரு நாள் போட்டு எறியும் வகையைப் பற்றிக் கேளுங்கள். பையில் எப்போதும் ஒரு கண்ணாடி இருக்கட்டும்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் லென்ஸை உடனே கழற்றுங்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் எடுத்துப் போங்கள். வீட்டில் இருக்கும் அடுத்தவர் சொட்டு மருந்தைத் தொடாதீர்கள். அம்மாவின் நந்தியாவட்டை அன்பான வைத்தியம்தான். வரும் வழியில் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

என் இடது கண்ணில் தழும்பு இருக்கிறது. நட்ட நடுவில் இல்லை, கொஞ்சம் தள்ளி. அந்தக் கொஞ்சம்தான் எனக்குக் கிடைத்த கொடை. பகலில் படிக்க முடிகிறது. இரவில் நெடுஞ்சாலையில் எதிரே வரும் விளக்குகள், எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல, சிதறிப் பூக்கின்றன. அதனால் இரவில் கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன். இப்போது மேடைக்கும் கண்ணாடியோடுதான் போகிறேன். விளக்கு அதில் பட்டு வெள்ளையாகத்தான் அடிக்கிறது.

போன மாதம் கூலாய் வீட்டில் குளியலறை அலமாரியைச் சுத்தம் செய்தபோது, பின்னால் ஒளிந்திருந்த பழைய போத்தல் ஒன்று கிடைத்தது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கரைசல். தீர்ந்துவிடுமே என்று ஒரு காலத்தில் நான் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்தது. அண்ணன் மகள் பக்கத்தில் நின்றாள். "இதோட விலை எவ்வளவு அத்தை?" என்று கேட்டாள். மீதி இருப்பது ஏழு, எட்டு ரிங்கிட் பெறும் என்றேன். அவள் என் கையிலிருந்து வாங்கி, மூடியைத் திறந்து, தொட்டியில் முழுவதையும் கவிழ்த்தாள்.